பிரிக்காத அட்டை

"சாவியம்மா, இதுவும் திரும்பலை" என்று டாக்ஸிக்காரர் நான் வெட்டிக் கொடுத்த சாவியை மேசையில் போட்டபோது எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"திரும்பலைன்னா பூட்டைப் போய்ப் பாருங்க. எண்ணெய் கண்டு எத்தனை வருஷம் ஆச்சோ! என் சாவியைக் குறை சொல்றதுக்கு முன்னாடி உங்க கதவைக் கொஞ்சம் கவனிங்க."

"பழைய சாவி நல்லாத்தானேம்மா திரும்புது."

பழைய சாவி திரும்பி, அதைப் பார்த்து வெட்டிய சாவி திரும்பவில்லை என்றால் தப்பு வெட்டினவள்மேல்தான். மெஷினில் இரண்டு பிடிகள் இருக்கும். ஒன்றில் பழைய சாவி, இன்னொன்றில் பல் வெட்டாத புதுச் சாவி. இரண்டையும் இறுக்கிப் பிடிக்க வைத்துவிட்டால் சக்கரம் பழையது போன வழியிலேயே புதியதையும் வெட்டிவிடும். பிடி ஒரு மயிரிழை தளர்ந்திருந்தாலும் சாவி நகர்ந்துவிடும். பார்க்க அச்சு அசலாக இருக்கும், ஆனால் பூட்டுக்குள் போய் முரண்டு பிடிக்கும்.

கொஞ்ச நாளாக என் வலது கையால் அந்தப் பிடியை இறுக்க முடியவில்லை. விரல் நுனிகள் மரத்துப்போய், அதன் திருகைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்றே தெரிவதில்லை. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சாவி வெட்டுகிறவள் கை போச்சு என்று சொல்வதும் கடைக்கு ஷட்டர் போடுவதும் ஒன்றுதான்.

"உட்காருங்க. வேற வெட்டித் தரேன்" என்றேன். அவர் உட்காரவில்லை. அவர் உட்கார அங்கே இடமும் இல்லை. என் கடை ஓர் ஆள் நின்று திரும்புகிற இரும்புக் கூண்டு, அவ்வளவுதான். பக்கத்தில் முடிவெட்டுகிற தம்பியின் கடை. நடுவில் ஒரு தகரம்.

அந்தத் தகரத்துக்குத் தெரியும் என் கதை. வீட்டில் அழ இடமில்லை, அதனால் இங்கே வந்துதான் அழுவேன். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மெஷினை வெறுமனே ஓடவிட்டால் சத்தம் வெளியே கேட்காது என்பது என் நினைப்பு. ஒரு நாள் தம்பி தகரத்தைத் தட்டி, "அக்கா, ரொம்ப நேரமா மெஷின் மட்டும் ஓடுது, சாவி ஒண்ணும் விழலையே?" என்றான். "நீ உன் கத்திரியைப் பாருப்பா, எவன் காதையாவது வெட்டிடப் போறே" என்று கத்தினேன். அவன் அப்புறம் கேட்டதில்லை. ஆனால் மெஷின் வெறுமனே ஓடும்போதெல்லாம் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டி வைப்பான்.

வீட்டில் ஏன் இடமில்லை என்கிறீர்களா? என் வீட்டில் ஒரு கதவுக்கும் தாழ்ப்பாள் கிடையாது. ஊருக்கெல்லாம் பூட்டுப் போடுகிறவள் வீட்டில் தாழ்ப்பாள் இல்லை என்றால் சிரிப்பாகத்தான் இருக்கும். நானேதான் கழற்றினேன். என் மகள் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு கூப்பிடக் கூப்பிட வராமல் இருந்தாளே, அதற்கு மறுநாள் காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். அன்றைக்கு அந்தக் கதவை எப்படித் திறந்தேன், உள்ளே அவள் எப்படிக் கிடந்தாள் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். உயிர் இருந்தது. அது போதும்.

இப்போது கதவுகளில் திருகாணி இருந்த ஓட்டைகள் மட்டும் இருக்கின்றன. குளிக்கும்போது ஒரு காலால் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டு குளிக்கிறேன். தாழ்ப்பாள் அவளுக்கு இருக்கக் கூடாது என்றுதான் கழற்றினேன், எனக்கும் இல்லாமல் போனது.

சின்ன வயதில் அவளுக்கு வீட்டில் 'வாயாடி' என்று பேர். தூக்கத்தில்கூடப் பேசுவாள். பதினாறு முடிவதற்குள் அந்தப் பேச்சு எங்கே போனதென்று தெரியவில்லை. பள்ளிக்கூடம் நின்றது. நாள்கணக்கில் பேசமாட்டாள், பேசினால் அனல் கக்குவாள், கையில் கிடைத்ததை எறிவாள். எறிந்த பிறகு அவளே நடுங்கிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பாள். அதைப் பார்ப்பதுதான் எனக்குத் தாங்காது. அவளுடைய அப்பா, "எனக்கு இங்க மூச்சு முட்டுது" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினவர், இப்போது வேறு ஊரில் நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார்.

வேறு யாரும் வருவதில்லை. பிள்ளைக்குக் கால் ஒடிந்திருந்தால் பழம் வாங்கிக்கொண்டு தெருவே வந்திருக்கும். மனசு ஒடிந்த பிள்ளை இருக்கிற வீட்டுக்கு யார் வருவார்கள்? எதிர்வீட்டுக்காரிகூட மாடியில் துணி எடுக்கும்போது என்னைப் பார்த்தால் துணியைப் பார்க்கிறாள். போகட்டும். நானும் எல்லாரையும் வெட்டிப் பேசியே விரட்டினவள்தான். என் நாக்குக்குத் தாழ்ப்பாள் எப்போதுமே இருந்ததில்லை.

காலையில் வேன் வந்து அவளை ஒரு பகல்நேர மையத்துக்குக் கூட்டிப் போகும், மதியம் கொண்டுவந்து விடும். அதற்குள் நான் கடையை அடைத்துவிட்டு வீட்டு வாசலில் நிற்க வேண்டும். சாப்பாடு கொடுத்த பிறகு மாத்திரை. இதற்காகவே ஓர் இரும்புப் பெட்டி செய்து சுவரில் பதித்திருக்கிறேன். மாத்திரைகள், கத்தி, கத்திரி எல்லாம் அதற்குள். நான் போட்ட பூட்டுகளிலேயே நல்ல பூட்டு அதுதான். சாவி என் கழுத்தில், கயிற்றில்.

ஆரம்பத்தில் மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி வைத்திருந்து அப்புறம் துப்பிவிடுவாள். அதனால் அவளைப் பார்க்கிற மனநல டாக்டர், "கொடுத்துட்டு வாயைத் திறக்கச் சொல்லிப் பாருங்க" என்றார். அன்றிலிருந்து தினமும் நான், "வாயைத் திற. நாக்கைத் தூக்கு" என்பேன். அவள் என்னை எரித்துவிடுவதுபோல் பார்த்துக்கொண்டே திறப்பாள். பெற்ற பிள்ளையின் வாய்க்குள் போலீஸ்காரன் மாதிரி எட்டிப் பார்ப்பது எவ்வளவு கேவலம் தெரியுமா? அவளுக்கும் கேவலம், எனக்கும் கேவலம். இருந்தாலும் பார்ப்பேன்.

அந்தப் பெட்டிக்குள் இன்னோர் அட்டையும் உண்டு. அது என்னுடைய ரத்தக் கொதிப்பு மாத்திரை. தலைசுற்றல் என்று போனபோது தெருமுனை கிளினிக்கில் இருக்கிற டாக்டரம்மா எழுதிக் கொடுத்தது. மாத்திரை என்றால் பெட்டிக்குள்தானே இருக்க வேண்டும்? உள்ளே வைத்துப் பூட்டினேன். அதோடு சரி.

பெட்டியைத் திறப்பதே அவளுக்குக் கொடுக்கும்போதுதான். அவள் பக்கத்தில் நிற்பாள். அவள் கண்ணெதிரே நான் எனக்கொரு மாத்திரையைப் போட்டுக்கொண்டால் என்ன நினைப்பாள்? அம்மா என்னால்தான் இப்படி ஆனாள் என்று நினைக்க மாட்டாளா? அந்த நினைப்பு அவளை மறுபடி எந்தக் கதவுக்குள் தள்ளுமோ! அவளுடையதை எடுத்ததும் டக்கென்று பூட்டிவிடுவேன். அவள் இல்லாதபோது எடுக்கலாமே என்கிறீர்களா? அவள் இல்லாதபோது நான் கடையில் இருப்பேன், மாத்திரை பெட்டியில் இருக்கும். தனியாக ஓர் அட்டை வாங்கிக் கடையில் வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. பூட்டுக்காரியின் புத்தி, எதையும் பூட்டி வைத்தால் பத்திரம் என்றுதான் நினைக்கும். என் மருந்தை என்னிடமிருந்தே பூட்டி வைத்துவிட்டுக் கை மரத்துப்போகிறதே என்று வியந்துகொண்டிருந்தேன்.

அக்கா வாரம் ஒருமுறை போன் செய்வாள். "ஏண்டி, உடம்பைப் பார்த்துக்கோ. சுவர் இருந்தாத்தான் சித்திரம் எழுத முடியும்" என்பாள்.

எனக்கு அந்தப் பழமொழியைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். கிளினிக்கிலும் அதைத்தான் சொன்னார்கள், மையத்திலும் அதைத்தான் சொல்கிறார்கள். நான் சுவராம், அவள் சித்திரமாம். சித்திரம் கெட்டுப்போகாமல் இருக்கச் சுவர் நிற்க வேண்டுமாம். சுவருக்கு வலிக்கிறதா என்று ஒருத்தராவது கேட்டார்களா? "நீ எப்படி இருக்கே?" என்று கேட்பவர்கள்கூட, பதில் சொல்வதற்குள் "பொண்ணு எப்படி இருக்கா?" என்று போய்விடுகிறார்கள்.

"நான் வேணா வந்து கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்று அக்கா ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "ஒண்ணும் வேண்டாம், உன் வேலையைப் பாரு" என்பேன். வந்தால் பிள்ளையைத் திட்டுவாள், என் வளர்ப்பைத் திட்டுவாள். யார் தயவும் வேண்டாம் என்ற வீம்பும் உண்டு. போனை வைத்த பிறகு அந்த வீடு கிணறு மாதிரி இருக்கும்.

டாக்ஸிக்காரருக்குச் சாவி வெட்டிக்கொண்டிருந்தேன் அல்லவா? பழைய சாவியைப் பிடியில் வைத்துத் திருகினேன். கை திருகின்மேல் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அது என் கையாக இல்லை. சாவி நழுவி மேசையில் விழுந்தது. குனிந்து எடுக்கப் பார்த்தேன், கை தொங்கிக்கொண்டே இருந்தது.

"தம்பீ" என்று கூப்பிட நினைத்தேன். வாயிலிருந்து வேறு என்னவோ குழறலாக வந்தது. அதைக் கேட்டு நானே பயந்துபோனேன்.

"ஐயோ, அக்கா!" என்று தம்பி ஓடி வந்தான். முகத்தில் பாதி நுரையோடு ஒரு மனிதர் அவன் நாற்காலியிலிருந்து எழுந்து எட்டிப் பார்த்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது. இருவரும் டாக்ஸிக்காரரும் சேர்ந்து என்னைத் தூக்கி வண்டியில் போட்டார்கள். கிளினிக் போய்ச் சேருவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. திரும்பியதும் நான் சொன்ன முதல் வார்த்தை, "வேன் வந்துடும்."

டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். மறுபடி பார்த்தார்.

"மாத்திரை ஒழுங்காப் போடறீங்களா?"

"போடறேன்."

"நிஜமா?"

நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அவர் பேனாவை வைத்துவிட்டார்.

"இங்க பாருங்கம்மா. இப்ப வந்துட்டுப் போனது சின்னது. அடுத்தது சொல்லிட்டு வராது. கை, கால், பேச்சு எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிடும். இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும், சில நாள் தங்கணும்."

"பொண்ணு தனியா இருப்பா டாக்டர். முடியாது."

"நீங்க விழுந்துட்டா அந்தப் பொண்ணை யார் பார்ப்பாங்க? சுவர் இருந்தாத்தானே…"

"நிறுத்துங்க!" என்று கத்திவிட்டேன். "அவளுக்காகத்தான் நான் பொழைக்கணுமா? அவ இல்லைன்னா நான் செத்தாப் பரவாயில்லையா?"

கத்திய பிறகுதான் அது எனக்கே உறைத்தது. நானும் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருக்கிறேன்? டாக்டரம்மா கோபப்படவில்லை. "வீட்டுல மாத்திரை இருக்கில்ல? போனதும் போடுங்க. ஒரு மணி நேரத்துல ஏற்பாடு பண்ணிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க, நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்" என்று மட்டும் சொன்னார். சரி என்று தலையாட்டினேன். போகிற எண்ணம் இல்லை.

டாக்ஸிக்காரர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, "நான் இங்கயே இருக்கேம்மா, ரெடியானதும் கூப்பிடுங்க" என்றார். சாவி திரும்பவில்லை என்று சண்டைக்கு வந்த மனிதர். "உங்க பொழப்பைப் பாருங்க" என்றேன். அவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.

வேன் வந்தது. மகள் இறங்கி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். சாப்பாடு வைத்தேன். ஒரு வாய் சாப்பிட்டுத் தட்டைத் தள்ளினாள், அது மேசையைத் தாண்டிக் கீழே விழுந்து உருண்டது. வழக்கம்தான். குனிந்து துடைக்கப் போனேன். வலது கையில் துணி நிற்கவில்லை.

"உன் வாய் ஏன் ஒரு பக்கமா இருக்கு?" என்று கேட்டாள்.

அவள் என்னிடம் கேள்வி கேட்டே எவ்வளவோ நாளாகியிருந்தது.

"ஒண்ணுமில்ல. தூங்கி எழுந்தா அப்படித்தான் இருக்கும்."

"நீ பகல்ல தூங்கி நான் பார்த்ததே இல்ல."

பெட்டியிடம் போனேன். கழுத்துக் கயிற்றைப் பிடித்துச் சாவியைத் துவாரத்தில் வைத்தேன். நுழையவில்லை. மறுபடி வைத்தேன், வழுக்கியது. ஊரில் எத்தனை பேர் பூட்டை அவர்கள் கண்ணெதிரே திறந்து காட்டியிருப்பேன்! என் பூட்டை என்னால் திறக்க முடியவில்லை. இடது கையால் முயன்றேன், பழக்கமில்லாத கை, அதுவும் வழுக்கியது. அவமானத்தில் கண் கலங்கியது. மெஷின் இல்லை, தகரம் இல்லை, அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கொடு" என்று கையை நீட்டினாள்.

பெட்டிக்குள் என்னென்ன இருக்கிறது என்று மனம் ஒரு சுற்றுச் சுற்றிவந்தது. கொடுக்க மாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் கையை மடக்கவில்லை. "கயிறு உன் கழுத்துலயே இருக்கட்டும். நான் திருப்ப மட்டும் செய்யறேன்" என்றாள். என் கழுத்தோடு சேர்த்துச் சாவியை இழுத்ததால் எங்கள் இரண்டு பேர் தலையும் முட்டிக்கொண்டன. பெட்டி திறந்தது.

அவள் தன் அட்டையை எடுத்தாள். அதோடு நிற்கவில்லை. அடியில் கிடந்த என் அட்டையையும் எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"இது ஏன் ஒண்ணுகூடக் கொறையலை?"

"அது… அது வேற யாருதோ…"

"பொய் சொல்லாதம்மா. உன் பேர் ஒட்டியிருக்கு. நீ பெட்டியைத் திறக்கிறப்பல்லாம் நான் பார்க்கறேன். அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே இருக்கு."

நான் அவளையே காவல் காத்துக்கொண்டிருந்தேன். அவள் என் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

"உன் எதிர்ல போட்டா, உன்னாலதான் எனக்கு இப்படின்னு நீ நினைச்சுப்பே. அதான்."

"போடாம செத்துப்போனா மட்டும் நினைச்சுக்க மாட்டேனா?" அவள் குரல் உடைந்தது, உடனே சூடானது. "எதுக்கெடுத்தாலும் நான், நான், நான்! தூங்காதது என்னால, சிரிக்காதது என்னால, இப்ப மாத்திரை போடாததும் என்னால! என் தலையில ஏன் எல்லாத்தையும் வைக்கிறே? பெரியம்மா போன்ல சொல்றது எனக்குக் கேக்காதா? நீ சுவரும் இல்ல, நான் சித்திரமும் இல்ல. உன் உடம்பு உன்னுது. நீ பார்த்துக்கோ!"

வாயாடி பேசிவிட்டாள். நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் டாக்ஸி நிற்பதை, ஆஸ்பத்திரியில் தங்கச் சொன்னதை, கை விழுந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டாள்.

"பெரியம்மாவைக் கூப்பிடு" என்றாள்.

"உன்னைத் திட்டுவா."

"திட்டட்டும். நானும் திட்டுவேன். நீ போ."

போன் ஒரு தடவை அடித்து முடிவதற்குள் அக்கா எடுத்துவிட்டாள். "அக்கா, வா" என்றேன். அதற்குமேல் பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. இத்தனை வருடத்தில் நான் அவளை வா என்று சொன்னதில்லை. "செருப்பைப் போட்டுட்டேண்டி, அழாதே" என்றாள். முடிவெட்டுகிற தம்பிக்கும் போன் செய்தேன்; அவனும் அவன் மனைவியும் உடனே வந்து, அக்கா வரும்வரை உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார்கள். பெட்டிச் சாவியைத் தம்பி மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போனால், அக்கா வந்ததும் அவள் கழுத்துக்கு மாறிவிடும். ஏற்கனவே இரண்டு சங்கிலி போட்டிருக்கிற கழுத்து, இதையும் தாங்கும்.

மகள் தன் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். நான் சொல்லாமலேயே வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினாள். பிறகு என் அட்டையிலிருந்து ஒன்றை உடைத்து என் இடது உள்ளங்கையில் வைத்தாள். அந்தத் தகடு கிழிகிற சின்னச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அங்க போனா அவங்களே கொடுப்பாங்க…"

"போடு."

போட்டேன். தண்ணீரை அவளே பிடித்துக் கொடுத்தாள். பாதி உதட்டோரமாக வழிந்தது, தன் சட்டைக் கையால் துடைத்தாள். விழுங்கினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, பையை எடுக்கப் போனேன்.

"நில்லு" என்றாள். "வாயைத் திற."

திறந்தேன்.

"நாக்கைத் தூக்கு."

தூக்கினேன். அவள் என் தாடையைப் பிடித்து வெளிச்சத்தின் பக்கம் திருப்பி, குனிந்து, இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்தாள்.

"சரி, போய்ட்டு வா" என்றாள்.